18 குவின்டில்லியன் கிரகம் சரி, இறங்கி என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட நாலு வரிக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்தீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. 18 குவின்டில்லியன் கிரகம் (குவின்டில்லியன் என்றால் 1-க்குப் பின்னால் 18 பூஜ்யம்) இருக்கிறது என்று விளம்பரம் செய்கிற 'நோ மேன்ஸ் ஸ்கை' என்கிற விண்வெளி வீடியோ கேம் 2016 ஆகஸ்ட் 9-ல் வருகிறது, இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது, ஈபேயில் சுமார் 1,300 டாலர் கொட்டிக்கொடுத்து ஒருத்தர் முன்கூட்டியே டிஸ்க் வாங்கி வீடியோ போட்டிருக்கிறார், பார்த்ததிலிருந்து எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது, அங்கே இறங்கி என்னதான் செய்யப்போகிறோம் என்று கேட்டேன். இவ்வளவுதான். இதற்கு வயித்தெரிச்சல் பட்டம் கிடைத்தது. ஒரு தம்பி, "பதினைந்து பேர் ராப்பகலா உழைச்சதை நக்கல் பண்றீங்களே, முதல்ல நீங்க ஒரு கேம் செஞ்சு காட்டுங்க" என்றார். அதற்கு 43 லைக். அந்த 43-ல் எனக்குத் தெரிந்தவர்கள் யார் யார் என்று பார்த்துவிட்டேன், பார்த்திருக்கக் கூடாது.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். நான் கேட்டது ஒரே கேள்வி. அந்தக் கேள்விக்கு அத்தனை பேரில் ஒருத்தர்கூடப் பதில் சொல்லவில்லை. எல்லோரும் எனக்கு மொத்தம் எத்தனை கிரகம் என்கிற எண்ணைச் சொன்னார்கள்.

எண் எனக்கும் தெரியும் சாமி. 1,84,46,74,40,73,70,95,51,616. இரண்டின் 64-வது அடுக்கு. ஒவ்வொரு கிரகத்தையும் ஒரு விநாடி பார்த்தால்கூட முடிக்க 58 ஆயிரம் கோடி வருஷத்துக்கு மேல் ஆகும், அதையும் மூன்று பேர் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது? 64 பிட் சீட் எண், அதாவது 64 இரும இலக்கம் உள்ள தொடக்க எண் வைத்திருக்கிறார்கள், அதனால் இத்தனை. கிரகம் எதுவும் எங்கேயும் சேமித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. நீங்கள் கிட்டே போகும்போது அந்த எண்ணைச் சூத்திரத்தில் போட்டு மலை, கடல், வானத்து நிறம், நாலு கால் ஜந்து எல்லாம் அந்த நேரத்தில் கணக்கிடப்படும், விலகிப் போனால் காணாமல் போகும், திரும்ப வந்தால் அதே எண் அதே கிரகத்தைத் தரும். அழகான வேலை, நான் மறுக்கவே இல்லை. ஆனால் பிட்டைக் கூட்டினால் எண் கூடும், விளையாட்டு கூடாது.

கேரளத்து அம்பலப்புழைக் கோயில் கதை தெரியும்தானே? சதுரங்கத்தில் தோற்ற ராஜா, முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அப்புறம் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக வைக்கிறேன் என்று சாமியிடமே மாட்டிக்கொண்ட கதை. 64 கட்டத்துக்கும் சேர்த்து மொத்த அரிசி எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். நோ மேன்ஸ் ஸ்கையின் கிரகங்களைவிட ஒன்றே ஒன்று குறைவு, அதே எண்தான். ராஜாவால் அவ்வளவு அரிசி தர முடியாமல் கடனுக்குப் பதிலாகப் பால் பாயசம் தருவதாக ஆயிற்று. இன்றைக்கும் அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் பாயசத்துக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள், அரிசியை யாரும் எண்ணுவதில்லை. நானும் பாயசம் எப்படி என்றுதான் கேட்டேன். நீங்கள் அரிசி எத்தனை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள்.

'முதல்ல நீங்க செஞ்சு காட்டுங்க' தம்பிக்குத் தனியாக ஒரு கதை. கேம் செய்ததில்லை, ஆனால் இந்தச் சூத்திர வேலையைக் கொஞ்சம் செய்திருக்கிறேன். 2011-ல் ஒரு காப்பீட்டு மென்பொருளுக்குச் சோதனைக்காகப் பொய் வாடிக்கையாளர்கள் வேண்டும் என்றார்கள். நான் ஸ்கிரிப்ட் எழுதினேன். பேர்ப் பட்டியல் ஒன்று, தெருப் பட்டியல் ஒன்று, பிறந்த தேதிக்கு ஒரு விதி, எல்லாவற்றையும் கலக்கிவிட்டால் ஒரே ராத்திரியில் பத்து லட்சம் மனிதர்கள். மேனேஜர் பத்து லட்சம் என்று கேட்டதும் பூரித்துப்போனார். மறுநாள் டெஸ்டிங் குழுவில் இருந்த அக்கா ஒருவர், காபி டம்ளரை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் மவுசை உருட்டிப் பார்த்தார், ஐந்து நிமிஷம் இருக்குமா, "ஏம்ப்பா, இந்த மரகதம் எத்தனை ஊர்லதான் இருப்பாங்க? அப்புறம் கல்யாணம் ஆனவங்க எல்லாம் ஏன் மாடி வீட்லயே குடியிருக்காங்க?" என்றார். கீழ்வீட்டு மரகதம், மேல்வீட்டு மரகதம், 62 வயசு மரகதம், 9 வயசு மரகதம். ஒருத்தருக்கொருத்தர் வேறுதான், எந்த இரண்டு வரியும் ஒன்றில்லை. ஆனாலும் நாற்பது பேரைப் பார்த்தால் பத்து லட்சத்தையும் பார்த்த மாதிரிதான். அந்த அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதனால்தான் குவின்டில்லியன் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் மரகதம் கண்முன் வருகிறார்.

இது நானாகக் கண்டுபிடித்த ஞானமும் இல்லை. 1984-ல் கேம்பிரிட்ஜில் டேவிட் பிரேபன், இயன் பெல் என்று இரண்டு மாணவர்கள் 'எலைட்' என்கிற விண்வெளி கேமைச் செய்தார்கள், வெறும் 32 கேபி நினைவகம் உள்ள பிபிசி மைக்ரோ என்கிற வீட்டுக் கணினியில். நினைவகத்தில் இடமில்லாததால்தான் சூத்திரத்துக்கே போனார்கள். அவர்கள் சூத்திரத்தால் கோடானுகோடி கேலக்ஸிகளை உருவாக்க முடியும். வெளியிட்ட அக்கார்ன்சாஃப்ட் வேண்டாம் என்றது, ஏனென்றால் அவ்வளவு காட்டினால் எல்லாம் ஒரே அச்சு என்று பிடிபட்டுவிடும். எட்டு கேலக்ஸி, ஒன்றுக்கு 256 நட்சத்திரம், மொத்தம் 2,048, போதும் என்று நிறுத்தினார்கள். 32 வருஷம் முன்னாலேயே ஒருத்தருக்கு எண்ணைக் குறைக்கத் தோன்றியிருக்கிறது. இப்போது எண்ணே விளம்பரம்.

'பதினைந்து பேர்' என்கிற வாதத்துக்கு வருகிறேன். உண்மைதான், சின்னக் குழு. இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டில் இருக்கிற ஹலோ கேம்ஸ்தான் இதைச் செய்கிறது, முன்னால் 'ஜோ டேஞ்சர்' செய்தவர்கள். 2013 டிசம்பரில் முதல் டிரெய்லர் வந்த அதே மாதம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆபீசுக்குள் வெள்ளம் புகுந்து கணினியெல்லாம் போனது. அப்புறம் பெயரில் 'ஸ்கை' இருக்கிறது என்று ஸ்கை டிவியோடு மூன்று வருஷம் வழக்கு, இந்த ஜூனில்தான் முடிந்தது. போதாததற்கு வெளியீடு ஜூன் 21-லிருந்து ஆகஸ்ட் 9-க்குத் தள்ளிப்போனபோது, செய்தி எழுதின பத்திரிகையாளருக்கும் ஹலோ கேம்ஸின் தலைவர் ஷான் மர்ரேக்கும் கொலை மிரட்டல். ஏழே வாரம் தள்ளிப்போனதற்கு! இதெல்லாம் தெரிந்துதான் பேசுகிறேன், மே மாதம் அந்த மிரட்டல்களைத் திட்டி இதே சுவரில் நான் எழுதியது இப்போதும் இருக்கிறது, கீழே உருட்டிப் பாருங்கள். அப்படியிருக்க, "உங்களை மாதிரி ஆளுங்கதான் டெவலப்பரை மிரட்டுறது" என்று ஒருத்தர் எழுத, பத்து வருஷப் பழக்கம் உள்ள ஒரு நண்பர் அதற்கு லைக் போட்டிருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். கல்யாணத்துக்கு நான் ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், ஞாபகம் இருக்கட்டும்.

ஆனால் சின்னக் குழு என்பதற்காகக் கேள்வியே கேட்கக் கூடாதா? விலை சின்ன விலை இல்லையே. 60 டாலர், நம் கணக்கில் நாலாயிரம் ரூபாய். முந்நூறு பேர் வேலை செய்த விளையாட்டுக்கும் அதே விலைதான். சோனி தன் இ3 கேம் கண்காட்சி மேடையில் ஏற்றியது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் கோல்பெர்ட் நிகழ்ச்சி வரை போய்க் காட்டினார்கள். மேடை பெரியதாக இருக்கும்போது பெரிய கம்பெனி, கேள்வி வந்தால் மட்டும் பாவம் பதினைந்து பேர்!

கசிந்த பிரதியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, வெளியாகிற முதல் நாளே பேட்ச், அதாவது திருத்தம் வரும் என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். மர்ரேவும் ஆச்சரியத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டிருக்கிறார், நான் அதற்கு மேல் வீடியோ பார்க்கவில்லை. ஆனால் டிஸ்க் வாங்கின அந்த ஆள் முப்பது மணி நேரத்தில் விளையாட்டின் இலக்கான கேலக்ஸியின் மையத்தை எட்டிவிட்டேன் என்கிறாரே, குறுக்கு வழியில் போயிருக்கலாம், இருக்கட்டும், 58 ஆயிரம் கோடி வருஷம் எங்கே, முப்பது மணி நேரம் எங்கே?

கட்டி விளையாடுகிற மைன்கிராஃப்ட் கேமிலும் செய்ய ஒன்றுமில்லையே, அது ஓடவில்லையா என்கிறவர்களுக்குப் பதில் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. அதில் மலை தற்செயல், அந்த மலையைக் குடைந்து என் அக்கா பையன் கட்டின வீடு தற்செயல் இல்லை. மாட்டுத்தொழுவம்கூட வைத்திருக்கிறான். இதில் இதுவரை காட்டினதில் கட்டுவது எங்கே இருக்கிறது? சுற்று, வியாபாரம் செய், சண்டை போடு, உயிர் பிழைத்திரு என்று நாலு வார்த்தை சொல்கிறார்கள். நாலும் வினைச்சொல்தான், ஆனால் நாற்பதாவது கிரகத்திலும் கல்லை லேசரால் உடைத்துக்கொண்டுதான் இருப்பேனா என்பதற்கு அதில் பதில் இல்லை.

'சுற்றிப் பார்ப்பதே சுகம்தானே, எல்லாவற்றுக்கும் குறிக்கோள் வேண்டுமா' என்று ஒருத்தர் அழகாக எழுதியிருந்தார். இது ஒன்றுதான் என்னை யோசிக்க வைத்தது. உண்மையில் அந்த 2013 டிரெய்லரில் கடலுக்கடியிலிருந்து எழுந்து, கப்பலில் ஏறி, நடுவில் ஒரு லோடிங் திரைகூட இல்லாமல் விண்வெளிக்குப் போனார்களே, அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று என் மனைவியைக் கேளுங்கள். இங்கே சண்டைக்கு வந்த பாதிப் பேருக்கு அந்த டிரெய்லரை முதலில் அனுப்பினதே நான்தான். என்னைப் போய் ஹேட்டர் என்கிறீர்கள்.

எனக்கு இருக்கிற நிஜமான சந்தேகத்தை ஞாயிற்றுக்கிழமை நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே இன்னொருத்தரைச் சந்திக்க முடியுமா, முடியாதா? மூன்று வருஷமாக இதற்கு வருகிற பதில், வாய்ப்பு மிக மிகக் குறைவு, இடம் அவ்வளவு பெரியது என்பதுதான். நான் கேட்டது வாய்ப்பு எவ்வளவு என்று இல்லை. ஒருத்தர் பேர் வைத்த கிரகத்தின் பேர் மற்றவருக்குத் தெரியும், அதுவரை சரி. இரண்டு பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒரே கிரகத்தில், ஒரே பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றால் ஒருவரை ஒருவர் பார்ப்போமா? ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. இதற்கும் எண்ணைத்தான் காட்டுகிறார்கள்.

என் அண்ணன் டொரோண்டோவில் இருக்கிறான், ஒன்பது வருஷமாகிறது. சின்ன வயதில் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே கீபோர்டு, அம்புக்குறிப் பக்கம் அவன், எழுத்துப் பக்கம் நான், ஒரு கப்பலை இரண்டு பேராக ஓட்டுவோம். அவன் திருப்புவான், நான் சுடுவேன். இப்போது வாரத்துக்கு ஒரு போன், அதிலும் பாதி அம்மாவின் சர்க்கரை அளவு. இந்த டிரெய்லர் வந்த அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து ராத்திரி ஒரு மணி வரை பேசினோம். நீ ஒரு பக்கமிருந்து கிளம்பு, நான் ஒரு பக்கமிருந்து வர்றேன், நடுவுல ஏதாவது கிரகத்துல பார்ப்போம், அதுக்கு நம்ம தெருப் பேர் வெச்சிடுவோம் என்றான். எனக்கு 18 குவின்டில்லியன் வேண்டாம். ஒன்று போதும், அதில் அவன் நிற்கும்போது எனக்குத் தெரிய வேண்டும்.

முன்பதிவு செய்யாதீர்கள், விமர்சனம் வந்தபின் வாங்குங்கள் என்று இங்கே நூறு பேருக்காவது புத்தி சொல்லியிருப்பேன். நேற்று ராத்திரி அவனிடமிருந்து ஒரு படம் வந்தது, முன்பதிவு ரசீது, எண்ணிக்கை 2. அடுத்த மாதம் வருகிற ஒருத்தர் கையில் என்னுடையதைக் கொடுத்து அனுப்புகிறானாம், அதுவரை தன்னுடையதையும் பிரிக்க மாட்டானாம். இந்தச் சண்டையை எல்லாம் அவன் படித்தானா என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. எந்தப் பக்கமிருந்து கிளம்புறே என்று மட்டும் கேட்டான்.