மெட்டல் டிடெக்டரின் பெரிய காயில் எல்லாவற்றையும் ஆழத்தில் காட்டிவிடாது

"மெட்டல் டிடெக்டர் காயில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆழம், 15 அங்குலத்தையே வாங்குங்கள்" என்று மேலே நண்பர் எழுதியிருக்கிறார். காயில் என்பது டிடெக்டரின் அடியில் தரையை ஒட்டி நகர்த்தும் கம்பிச்சுருள் தட்டு. புதிதாக வாங்குபவர்கள் இதை நம்பிப் பணத்தை வீணாக்கிவிடக் கூடாது.

அதில் பாதிதான் சரி. பெரிய காயிலின் காந்தப்புலம் ஆழமாக இறங்கும், உண்மை. ஆனால் அது அகலமாகப் பரவுவதால் காயிலை ஒட்டிய பகுதியில் அடர்த்தி குறைந்துவிடும். பெரிய பொருளுக்கு இது நல்லது, அரை கிராம் தங்கத் துணுக்குக்குக் கெடுதல். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா தங்க வயல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980ல் கிங்கோவர் அருகே டிடெக்டரில் சிக்கிய 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' தங்கக்கட்டி சுமார் 27 கிலோ. அந்த அளவுக்கு எந்தக் காயிலும் சத்தம் போடும். இன்று அங்கே தேடுபவர் கையில் பெரும்பாலும் சேர்வது துணுக்குகள்தான். பெரிய காயில் அவற்றைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும்.

அப்புறம் மண். இரும்புத்தாது கலந்த மண்ணில் காயில் பெரிதாகப் பெரிதாக இரைச்சலும் கூடும். அங்கே டபுள் டி வகை (இரண்டு D வடிவச் சுருள்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்) கான்சென்ட்ரிக்கைவிட (வட்டத்துக்குள் வட்டமாகச் சுருள்கள் இருக்கும்) நிதானமாக வேலை செய்யும். பழைய ஆணிகள் இறைந்து கிடக்கும் இடமென்றால் 6 அங்குலமே கைகொடுக்கும். ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசைத் தனியாகப் பிரித்துக் காட்டும்.

ஒரே ஒரு காயில்தான் என்றால் 11 அங்குல டபுள் டி எடுங்கள். உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.