நம் காலத்து ஓவியர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் வேண்டுமானாலும் ஒரு தாளைக் கொடுத்து "இயற்கைக் காட்சி வரை" என்று சொல்லுங்கள். ரெண்டு முக்கோண மலை, நடுவில் பாதி சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை. வகுப்பு ஜன்னல் வழியே தினமும் யானைமலையைப் பார்க்கிற மதுரைப் பிள்ளைகூட அதே முக்கோணத்தைத்தான் போடும். யானை படுத்திருப்பது மாதிரி அத்தனை அழகான மலை அங்கே கிடக்கிறது, தாளில் அது வருவதே இல்லை. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. அவர்கள் கண்ணில் பட்ட படங்கள் அவ்வளவுதான். நாம் காட்டியதும் அவ்வளவுதான்.

ஓவிய ஆசிரியராக எனக்கு இதில் உறுதியான கருத்து ஒன்று உண்டு. நம் காலத்தில் வரைந்த, இன்றும் வரைந்துகொண்டிருக்கிற ஓவியர்களின் படங்கள் வகுப்புக்குள் வந்தாக வேண்டும். ரவிவர்மாவும் டாவின்சியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு மலைப்பு வருகிறது. பஜ்ஜு ஷ்யாமைப் பார்த்தால் உடனே கை பரபரக்கிறது.

பஜ்ஜு ஷ்யாம் மத்தியப் பிரதேசத்துப் பாடன்கர் கிராமத்தைச் சேர்ந்த, கோண்ட் பழங்குடி ஓவியர். போபாலில் இரவுக் காவலாளியாக வேலை பார்த்தவர், எலக்ட்ரீஷியன் வேலையும் செய்தவர். உறவினரான ஜங்கர் சிங் ஷ்யாமிடம் ஓவியம் பழகினார். லண்டனில் ஒரு இந்திய உணவகத்தின் சுவர்களில் வரைய அழைத்துப் போனார்கள். போய்விட்டு வந்து, தான் பார்த்த லண்டனைத் தன் காட்டு மனிதர்களின் கண்ணால் வரைந்தார். சென்னையில் இருக்கும் தாரா புக்ஸ் 2004-இல் அதைப் புத்தகமாகக் கொண்டு வந்தது. அதில் பிக் பென் கடிகாரக் கோபுரம் ஒரு சேவல். அவர் ஊரில் நேரம் சொல்வது சேவல்தானே! பூமிக்கடியில் ஓடும் ரயில் மண்புழு. வழி தெரியாத ஊரில் அவர் நம்பி ஏறிய 30-ஆம் நம்பர் பஸ், எஜமானை விடாத நாய். விமானம் சிறகு முளைத்த யானை. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இந்தப் படங்களை ஏழாம் வகுப்பில் காட்டினேன். அதைப் பார்த்து அப்படியே வரையச் சொல்லவில்லை. "நம்ம ஊர்ல ஓடுற, நிக்கிற, சத்தம் போடுற ஒரு மெஷினை எடுத்துக்கங்க. அதுக்கு உயிர் இருந்தா என்னவா இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். ஒரு பிள்ளை காலையில் வரும் டவுன் பஸ்ஸைச் சினை எருமையாக வரைந்தாள். வயிற்றுக்குள் சீருடைப் பிள்ளைகள் சுருண்டு நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள். இன்னொருவன் டிரான்ஸ்பார்மரைத் தேன்கூடாக்கிவிட்டான். ஏன்டா என்றால், "கிட்டப் போனா ரீங்காரம் கேக்கும் டீச்சர், தொட்டா கொட்டிரும்" என்கிறான். அறுவடை மெஷின் வெட்டுக்கிளியானது. செல்போன் டவரைக் கொக்காக்கிப் பார்த்தவர்கள் மூன்று நான்கு பேர். அந்த வகுப்பில் எவர் தாளிலும் முக்கோண மலை இல்லை.

கோண்ட் ஓவியர்களிடம் நான் மிகவும் மதிக்கிற இன்னொன்று உண்டு. உருவத்தை வரைந்த பிறகு உள்ளே நிரப்பும் கோடும் புள்ளியும் ஆளுக்கு ஆள் வேறு. பெயர் போடாவிட்டாலும் அதை வைத்தே யார் படம் என்று சொல்லிவிடலாம். அடுத்த பீரியடில் "உன் வீட்டுல இருந்து உனக்குன்னு ஒரு நிரப்பல் கண்டுபிடிச்சுக் கொண்டா" என்றேன். பனையோலை முடைச்சல் வந்தது. மீன் செதில் வந்தது. நெல்மணி வந்தது. அம்மா பூக்கட்டும் வீட்டுப் பிள்ளை மல்லிகை மொட்டுச் சரத்தையே தன் நிரப்பலாக வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் அவள் எதை வரைந்தாலும் உள்ளே அந்தச் சரம் ஓடுகிறது.

நிறம் என்று வந்தால் நான் காட்டுவது எஸ். இளையராஜாவின் ஓவியங்களை. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். 2021 ஜூனில் கொரோனாவுக்கு அவரைப் பறிகொடுத்தோம். அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. நம் வீட்டுப் பெண்கள், நம் வீட்டுத் தோல், ஜன்னல் வழியே விழும் வெளிச்சம். என் வகுப்பில் முகம் வரையச் சொன்னால் கருத்த பிள்ளைகள் எல்லோரும் கிரேயான் பெட்டியிலிருந்து அந்த வெளிறிய ரோஸ் குச்சியைத்தான் எடுப்பார்கள். தன் கையைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்த நிறத்தைப் பூசுவார்கள். பார்க்க எனக்கு வயிறு எரியும். இளையராஜாவின் ஓர் ஓவியத்தைப் பெரிதாகக் காட்டி, "இந்தக் கன்னத்துல எத்தனை நிறம் இருக்கு, எண்ணுங்க" என்றேன். பழுப்பு, மஞ்சள், செம்மண், நெற்றியில் வெளிச்சம் படுமிடத்தில் லேசான நீலம்கூட என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பிறகு தண்ணீர் வர்ணத்தில் பழுப்போடு மஞ்சளும் ஒரு சொட்டு நீலமும் சேர்த்துத் தங்கள் புறங்கையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கலந்தார்கள். நிறம் சரியாக அமைந்தபோது ஒரு பையன் கூவினான் பாருங்கள், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

கோட்டுக்கு மனோகர் தேவதாஸ். 1936-இல் மதுரையில் பிறந்தவர். விழித்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் நோயால் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வர, மிச்சமிருந்த சிறு வட்டத்தை வைத்துக்கொண்டு மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும் மைப்பேனாவால் நுணுக்கி நுணுக்கி வரைந்தார். 2020-இல் பத்மஸ்ரீ, 2022-இல் மறைவு. அவர் வரைந்த இடங்கள் என் பிள்ளைகள் பஸ்ஸில் கடந்துபோகும் இடங்கள். அவர் படத்தைக் காட்டிவிட்டு வெளியே அழைத்துப்போய் மலையைப் பார்க்க வைத்தால், பென்சில் தானாக நிதானமாகிறது. டிராட்ஸ்கி மருதுவின் தூரிகைக் கோடு இதற்கு நேரெதிர், அவ்வளவு வேகம். ரெண்டையும் அடுத்தடுத்துக் காட்டுவேன். எது சரி என்று கேட்கிற பிள்ளையிடம், "ரெண்டு விதமாவும் யானைமலையைப் போட்டுப் பாரு, உன் கைக்கு எது வருதுன்னு நீயே சொல்லு" என்பேன்.

"முதல்ல அடிப்படை படிக்கட்டும், அப்புறம் இதெல்லாம்" என்று சக ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். லோயர், ஹையர் என்கிற அரசு ஓவியத் தேர்வுகளுக்கு ஃப்ரீஹேண்ட் பயிற்சி, அதாவது ஸ்கேல் காம்பஸ் இல்லாமல் வெறும் கையால் வரையும் பயிற்சி, வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை, நானும் அப்படிப் படித்து வந்தவள்தான். ஆனால் சினை எருமையை வரைய உட்கார்ந்த பிள்ளைதான் எருமையின் பின்னங்கால் எப்படி மடங்கும் என்று என்னிடம் வந்து கேட்டது. உருவ அமைப்பை அன்றைக்கு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது போல் எந்த வட்டம், உருளைப் பாடத்திலும் என்னால் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை. தேவை முதலில் வந்தால் அடிப்படை தானாக உள்ளே இறங்குகிறது.

எனக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். வகுப்புக்காக இந்த ஓவியர்களைத் தேடத் தொடங்கிய பிறகு நான் மறுபடி வரைய ஆரம்பித்தேன். பஸ்ஸில், வங்கி வரிசையில், ஆசிரியர் அறையில். கோண்ட் படங்களைப் பார்த்து எனக்கும் ஒரு நிரப்பல் பிடிபட்டது, எங்கள் ஊர்ச் சந்தையின் சாக்குப் பை நெசவு அது.

எங்கே எனக்குக் கோபம் வருகிறது என்றால் போட்டிகளில். சுற்றுச்சூழல் தினம் என்றால் பூமிப் பந்தை ரெண்டு கைகள் தாங்க வேண்டும், பூமி கண்ணீர் விட வேண்டும். அந்தப் படத்துக்குத்தான் பரிசு. போன முறை பரிசு வாங்கிய படத்தை மனப்பாடம் செய்து வரைகிறார்கள் பிள்ளைகள், யூடியூப்பில் அதற்கென்றே வீடியோக்கள் கிடக்கின்றன. தன் கண்மாயில் வளர்ந்திருக்கும் ஆகாயத்தாமரையை வரைந்த பிள்ளை வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறது.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல முயற்சி, மனதார வரவேற்கிறேன். ஓவியப் பிரிவுக்கு அந்தந்த மாவட்டத்து ஓவியர்களையும் பத்திரிகைகளுக்கு வரைகிறவர்களையும் நடுவர்களாக அழையுங்கள். முடிவு சொன்ன பிறகு ஒரு மணி நேரம் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து அவர்கள் வரைந்து காட்டட்டும். 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதி நேரமாகச் சேர்ந்து, பணி நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய ஓவிய ஆசிரியர்களையும் அந்த மேடையில் அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். இதைப் படிக்கும் ஓவியர்களே, உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். மதுரைப் பக்கம் என்றால் என் வகுப்புக்கு வாருங்கள், வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியட் ஓவியம்தான். கணக்கு வாத்தியாரிடம் பேசி அதை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.