பதின்மூன்றை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பிரதேச சபைக்குப் போங்கள்

அரசறிவியல் இறுதி வருடப் பிள்ளைகள் ஆய்வுத் தலைப்பைத் தூக்கிக்கொண்டு வரும் காலம் இது. என்னிடம் உயர்தரம் படித்தவர்கள் என்ற உரிமையில் வருகிறார்கள், எனக்கும் அது சந்தோஷம்தான். ஆனால் வருகிற தலைப்புகளில் பெரும்பாலானவை ஒன்றுதான்: இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தமும் (மாகாண சபைகளைக் கொண்டுவந்தது அதுதான்) அதிகாரப் பகிர்வும். கொஞ்சம் வித்தியாசமாக யோசித்தவர்கள் சமஷ்டி (கூட்டாட்சி) பற்றி எழுதுகிறார்கள். தலைப்பில் பிழை இல்லை. ஆனால் முதல் இரண்டு அத்தியாயங்களும் முன்னைய வருடத்து அண்ணாவின் ஆய்வில் இருந்தவைதான். எழுதிய பிள்ளையின் ஊர் முசலியா, மல்லாவியா, நல்லூரா என்று அதை வாசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். யாழ் குடாநாட்டுக்குத் தெற்கே இருக்கிற எங்கள் வன்னியில் இருந்து போய்த் தேர்தலையும் சபைகளையும் ஆராய விரும்பும் பிள்ளைக்கு, ஊர்ப்புற உள்ளூராட்சியான பிரதேச சபையை விடப் பெறுமதியான விடயம் வேறில்லை. இதைச் சொன்னதும் ஒருத்தி சிரித்துவிட்டுக் கேட்டாள்: "ரீச்சர், லைற் போடுறதையும் குப்பை அள்ளுறதையும் வைச்சு என்னத்தை எழுதுறது?"

தங்கச்சி, லைற்றை விடு. அந்தச் சபையில் யார் கதிரையில் இருப்பது என்பதைத் தீர்மானிக்கிற சட்டத்தைப் பற்றி எழுது.

1946ஆம் ஆண்டின் 53ஆம் இலக்க உள்ளூர் அதிகார சபைகள் தேர்தல் கட்டளைச் சட்டத்தை 2012, 2016, 2017 என்று திருத்தித் திருத்தித்தான் இப்போதைய கலப்பு முறை வந்தது. 60 வீதம் வட்டாரத்தில் நேரடியாக வென்று வருகிறவர்கள், 40 வீதம் கட்சிப் பட்டியலில் இருந்து வருகிறவர்கள். 2018 பெப்ரவரி 10ஆம் திகதிதான் முதல் தடவையாக இந்த முறையில் வாக்களித்தோம். முன்பு நாடு முழுவதும் ஏறக்குறைய 4,500 ஆக இருந்த உறுப்பினர் தொகை 8,000ஐத் தாண்டியது. ஏன் தாண்டியது என்று கேட்டால் பலர் "அரசியல்வாதிகளுக்குக் கதிரை ஆசை" என்று முடித்துவிடுவார்கள். அது பாதிக் காரணம். மீதி, சட்டம்: அது தேர்தலுக்கு முன்பே தொகையைக் கூட்டிவிட்டது, அதற்கு மேலும் கூட்டுகிற ஒரு கணக்கும் அதில் இருக்கிறது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது எந்தச் சபையினதும் உண்மைக் கணக்கு அல்ல, விளங்குவதற்காகச் சொல்கிறேன். 20 பேர் கொண்ட சபை. 12 வட்டாரம், 8 பட்டியல். செல்லுபடியான வாக்குகள் 10,000. அப்படியானால் ஓர் ஆசனத்துக்கு 500 வாக்கு. ஒரு கட்சிக்கு 4,000 வாக்கு, உரியது 8 ஆசனம். ஆனால் மற்ற வாக்குகள் நாலைந்து கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும் சிதறியதால் அந்தக் கட்சி 10 வட்டாரங்களை வென்றுவிடுகிறது. வென்ற வட்டாரத்தைப் பறிக்க முடியாது. மற்றவர்களின் 6,000 வாக்குக்கு உரிய 12 ஆசனத்தையும் கொடுத்தாக வேண்டும். சபை 22 ஆகிறது. 12 வட்டாரத்தில் 10ஐ வென்ற கட்சிக்கு 22 பேர் சபையில் 10 பேர். பெரும்பான்மை இல்லை.

பெரும்பான்மை இருந்தால் தவிசாளரை, அதாவது சபையின் தலைவரை, கட்சியே பெயர் குறிப்பிடும். இல்லையென்றால் முதல் அமர்வில் உள்ளூராட்சி ஆணையாளர் முன்னிலையில் தெரிவு நடக்கும். வாக்கெடுப்பு இரகசியமா பகிரங்கமா என்பதற்கே முதலில் ஒரு வாக்கெடுப்பு. சமமாக வந்தால் திருவுளச்சீட்டு. ஒரு பிரதேசத்தின் ஆட்சியைக் கடதாசித் துண்டைச் சுருட்டிப் போட்டு எடுக்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு "எங்கட உறுப்பினர் விலைபோயிற்றார்" என்று தேநீர்க் கடையில் கத்துகிறோம். விலைபோனவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்தச் சபையில் அது துரோகம், எந்தச் சபையில் அது இந்தக் கணக்கின் விளைவு என்று வன்னியின் சபைகளை ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு இதுவரை என் கைக்கு வரவில்லை. அதற்குத் தேவையானது தேர்தல் ஆணைக்குழு வெளியிட்ட முடிவுகளும் ஒரு கல்குலேற்றரும்தான்.

வட்டார எல்லைகளும் அப்படித்தான். எல்லை நிர்ணயத்துக்கு வழிவிட்ட திருத்தம் வந்தது 2012இல். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டதும் அதே 2012இல்தான். முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள், இராணுவம் வைத்திருந்த தங்கள் காணிக்குப் போக முடியாமல் மாதிரிக் கிராமத்தில் இருத்தப்பட்டதும் அந்த வருடம்தான். சனம் இன்னும் வந்துகொண்டிருந்த, சில இடங்களில் வரவிடாமல் வைத்திருந்த காலத்தில், எந்தச் சனத்தொகையை வைத்து எந்த ஊரை எந்த வட்டாரத்தோடு சேர்த்தார்கள்? இதற்கு எனக்குப் பதில் தெரிய வேண்டும். ஒரு நல்ல பிள்ளை வர்த்தமானியையும் கிராம அலுவலர் பிரிவு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதில் வரும்.

இன்னொன்று. 2011 ஜூலையில் வன்னியில் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, துணுக்காய், மாந்தை கிழக்கு எல்லாவற்றுக்கும் தேர்தல் நடந்தது. புதுக்குடியிருப்புக்கும் கரைதுறைப்பற்றுக்கும் நடக்கவில்லை. தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, போருக்குப் பிறகு அந்த இரண்டு சபைகளுக்கும் மக்கள் முதல் தடவை வாக்களித்தது 2018இல். போர் முடிந்து ஒன்பதாவது வருடம். மீள்குடியேற்றம், வீதி, வீடு, சந்தை என்று எல்லாமே திரும்பக் கட்டப்பட்ட அந்தக் காலம் முழுவதும் அங்கே தெரிவு செய்யப்பட்ட ஒரு சபை இல்லை. இதை ஓர் ஆய்வாளர் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

2018இல் வந்த சபையும் என்ன ஆனது? நாலு வருடச் சபையை ஒரு வருடம் நீடித்தார்கள். 2023 மார்ச் 19உடன் காலம் முடிந்தது. மார்ச் 9இல் நடக்க இருந்த தேர்தல், காசு இல்லை என்ற கதையோடு நின்றது. போட்டியிட லீவு எடுத்த அரச ஊழியர்கள் வேலைக்கும் திரும்ப முடியாமல், தேர்தலும் இல்லாமல் அந்தரத்தில் நின்றார்கள். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் சொன்னது. பிறகு 2025இல் விசேட சட்டம் கொண்டுவந்து பழைய வேட்புமனுக்களை இரத்துச் செய்து, மே 6இல் வாக்கெடுப்பு. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் எங்கள் சபைகள் அதிகாரிகள் கையில். அந்தக் காலத்தில் சபை நல்லா ஓடியதா, மோசமாக ஓடியதா? "செயலாளர் இருந்தபோது அலுவல் கெதியாய் முடிஞ்சது" என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதையும் ஒரு பிள்ளை போய்க் கேட்டு எழுதத்தான் வேண்டும்.

பெண் உறுப்பினர்கள் பற்றித் தனியாக ஒரு பதிவு போட வேண்டும், இங்கே சுருக்கமாக. 25 வீத ஒதுக்கீட்டுக்கு முன்பு உள்ளூராட்சியில் பெண்கள் 2 வீதம்கூட இல்லை. 2018இல் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வந்துவிட்டார்கள். பெரிய மாற்றம்தான். ஆனால் சட்டம் வட்டார வேட்பாளர்களில் 10 வீதம் பெண்களைக் கேட்கிறது, மேலதிகப் பட்டியலில் 50 வீதம் கேட்கிறது. ஆகவே கட்சிகள் பெண்களைப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டன. பட்டியலால் வந்த அக்காவிடம் ஊரார் "உங்கட வட்டாரம் எது?" என்று கேட்பார்கள். வேலைகளை வட்டாரவாரியாகப் பங்குபோடும் கூட்டத்தில் அவருக்குச் சொல்ல ஓர் ஊர் இருக்காது. நான் பேசிய உறுப்பினர்களில் சிலர் அடுத்த முறை வட்டாரத்தில்தான் நிற்பேன் என்றார்கள். கட்சி விட்டதா என்பது வேறு கதை.

வாக்காளர் இடாப்பு இன்னொரு புதையல். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் இன்றும் புத்தளத்தில் இருந்துகொண்டு மன்னாரில் வாக்குள்ளவர்கள். இடம்பெயர்ந்தவர்களின் பதிவுக்கென்றே 2013இல் 27ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2019 ஜனாதிபதித் தேர்தலன்று வாக்களிக்க மன்னாருக்கு வந்துகொண்டிருந்த பஸ்கள் மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு வாக்குப் போட அந்தச் சனம் அத்தனை தூரம் வருகிறது. அவர்கள் ஏன் வருகிறார்கள், வந்தவர்களை ஊரில் இருப்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் கேட்டு எழுதினால் நன்று. கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை.

சரி, மாகாண சபையைத்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்தால், அதையும் தேர்தல் சட்டத்தில் இருந்து எழுதுங்கள். வடக்கு மாகாண சபை 2018 ஒக்டோபரில் முடிந்தது, பிறகு தேர்தல் இல்லை. காரணம் பதின்மூன்றில் இல்லை. 2017இல் பெண்களின் பங்கைக் கூட்டுவதற்கென்று வந்த சட்டமூலத்துக்குள் குழுநிலையில் புதிய தேர்தல் முறையையே நுழைத்தார்கள். அதன்படி எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் ஏற்க வேண்டும். 2018 ஓகஸ்ட் 24இல் அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட இல்லை, சமர்ப்பித்த அமைச்சரே எதிராக வாக்களித்தார். பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. அரசியலமைப்பில் கை வைக்காமலே ஒன்பது மாகாண சபைகளையும் படுக்க வைத்தாயிற்று. நூறு பக்கம் எழுதலாம்.

வன்னியைத் தனியாகப் பார்க்காததால் வரலாறும் பிழையாகிறது. 1931 தேர்தலைத் தமிழர் பகிஷ்கரித்தார்கள் என்றுதான் நாங்கள் படித்தோம், படிப்பித்தோம். பகிஷ்கரித்தவை யாழ்ப்பாணத்தின் நாலு தொகுதிகள். மன்னார் – முல்லைத்தீவு என்றொரு தொகுதி அப்போது இருந்தது, அது அரசாங்க சபைக்கு உறுப்பினரை அனுப்பியது. ஏன் அந்தத் தொகுதி சேரவில்லை? சட்டத்தை வாசித்தார்களா, யாழ்ப்பாணம் சொன்னது இங்கே வந்து சேரவில்லையா, அல்லது வந்தும் கேட்கவில்லையா?

எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகத்தையும் சொல்ல வேண்டும். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது, பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கை, தொழில்நுட்பக் கற்கை என்று மூன்று பீடங்களோடு. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலும் விவசாயமும். எல்லாம் தேவைதான். ஆனால் சட்டமும் அரசறிவியலும் படிக்க எங்கள் பிள்ளைகள் ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணத்துக்கோ, அதைவிடத் தூரமோதான் போக வேண்டியிருக்கிறது. போன இடத்தில் மேற்பார்வையாளருக்குத் துணுக்காய் எங்கே என்று சொல்லிக் கொடுப்பதிலேயே முதல் மாதம் போகிறது.

தரவு கிடைக்காது என்று சொல்லாதீர்கள். சபை மாதம் ஒருமுறை கூடுகிறது, கூட்ட அறிக்கை எழுதப்படுகிறது. ஒரு சபையில் என் மாணவன் ஒருவன் அதைக் கேட்டபோது "இதெல்லாம் வெளியில் குடுக்க ஏலாது" என்று திருப்பி அனுப்பினார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். எழுத்தில் கேட்டால் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். அவன் எழுதிக் கொடுத்தான், போட்டோகொப்பிக் காசு கட்டி எடுத்துக்கொண்டு வந்தான்.

என்னிடம் முல்லைத்தீவு மாவட்ட வட்டார எல்லை வர்த்தமானியின் பிரதி இருக்கிறது. தேவையானவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள், அனுப்புகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதியை உங்கள் பிரதேச சபையின் பொது நூலகத்தில் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், தமிழில் நாலு பக்கச் சுருக்கமும் சேர்த்து.