ஆறிப்போன வண்டியைப் பார்த்து என்னத்தைக் கண்டுபிடிப்பீர்கள்?

நேற்றும் எங்கள் பழைய அம்பாசடர் கார் நின்றுவிட்டது. வாலாஜா பக்கம், சுங்கச்சாவடி வரிசையில். முன்னால் நாலு வண்டி, பின்னால் பதினைந்து வண்டி, மத்தியானம் இரண்டு மணி, அக்னி நட்சத்திர வெயில், பின்சீட்டில் 78 வயது அப்பா. மெக்கானிக்குக்குப் போன் போட்டால் அங்கிருந்து வந்த பதில்: "காயில் போயிருக்கும் சார். நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கொண்டாங்க, மாத்திடலாம்."

காயில்! பிளக்கில் ஸ்பார்க் வர மின்சாரம் கொடுக்கிற அந்தக் காயிலை இரண்டு வருஷத்தில் மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. அதோடு வேலை செய்கிற கண்டென்சர் நாலு. பாயிண்ட் செட், பிளக், பிளக் ஒயர், கார்புரேட்டர் கிட் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் காலை பத்து மணிக்குப் போவேன். ராத்திரி முழுக்க நின்று ஆறின இன்ஜின் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொள்ளும். தெருமுனை வரை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "வண்டி நல்லாத்தானே சார் ஓடுது" என்பார்கள். காலையில் நன்றாக ஓடும் என்பது எனக்குத் தெரியாதா? அதற்கா வந்தேன்? காய்ச்சல் ராத்திரியில் வருகிறது என்று சொல்லும் நோயாளியைக் காலையில் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடே இல்லையே என்று ஊசி போட்டு அனுப்பும் வைத்தியம் இது.

நேற்று நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து வேலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா வாங்கிய 1984 மாடல் அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். வழியில் டீ குடிக்கக் கால் மணி நேரம் நிறுத்தினோம். அதுவரை ஒரு தும்மல்கூட இல்லை. டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் நாலைந்து செல்ஃப் வாங்கித்தான் பிடித்தது. சுங்கச்சாவடி வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இரண்டு இழுப்பு இழுத்து அடங்கிவிட்டது.

இந்த டீக்கடைதான் முக்கியமான தடயம். ஒரு மெக்கானிக்காவது "நிக்கிறதுக்கு முன்னாடி எங்கயாவது நிறுத்தினீங்களா?" என்று கேட்டதில்லை. இந்த இன்ஜினில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரும், புகை வெளியேறுகிற சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், கார்புரேட்டர் மேலே, கொதிக்கிற மேனிஃபோல்டு கீழே. ஓடும்போது காற்று உள்ளே வரும், ஃபேன் சுற்றும், தண்ணீர் ஓடும். நிறுத்தினால் மூன்றும் நின்றுவிடும். மேனிஃபோல்டு சூடு முழுக்க நேராக மேலே ஏறும். நிறுத்தின பத்து, பதினைந்து நிமிஷத்தில்தான் பானெட்டுக்குள் சூடு உச்சத்துக்குப் போகும். பெட்ரோலில் உள்ள லேசான சரக்கு 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். நேற்று நிழலிலேயே 40 இருந்திருக்கும். அப்படியென்றால் பானெட்டுக்குள்?

பின்னால் ஹார்ன். விடாத ஹார்ன். வண்டி நகரவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது, பானெட்டைத் திறந்துவிட்டேன், அப்புறமும் ஹார்ன். ஒருத்தர் இறங்கி வந்து "பெட்ரோல் இருக்கா?" என்றார். இன்னொருத்தர் "பேட்டரி வீக்" என்றார். செல்ஃப் கணகணவென்று சுற்றுவதைக் கேட்டுக்கொண்டே சொல்கிறார்! மூன்றாவது ஆள் "இதை எடைக்குப் போட்டுட்டு ஒரு சின்ன கார் வாங்குங்க" என்றார். அப்பா காதில் விழும்படி. ஒரு லாரி கிளீனர் பையன் மட்டும் பேசாமல் வந்து தோள் கொடுத்து ஓரமாகத் தள்ளிவிட்டான். அவன் நன்றாக இருக்கட்டும்.

இந்தத் தடவை சூடு ஆறுவதற்குள் நானே பார்த்தேன். ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரில் மாட்டி, இன்ஜின் மேல் வைத்து அப்பாவை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பளிச்சென்று நீல ஸ்பார்க், 'டக் டக்' என்று சத்தத்தோடு. காயில் சூட்டில் படுத்திருந்தால் இப்படி வராது. மஞ்சளாக, மெலிசாக வரும், அல்லது வரவே வராது. ஆக மூன்று காயிலுக்கும் நாலு கண்டென்சருக்கும் கொடுத்த காசு தண்டம். பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டர் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். ஆக்சிலரேட்டர் கம்பியை இழுத்தால் பெட்ரோல் ஊசி மாதிரி பீய்ச்ச வேண்டும். இழுத்தேன். ஒரு சொட்டு இல்லை. பெட்ரோல் வாசனை மட்டும் குப்பென்று வருகிறது. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோலெல்லாம் கொதித்துப் போய்விட்டது, டேங்கிலிருந்து புதுசாக வரவும் இல்லை. டேங்க் மூடியைத் திறந்தேன், காற்று உறிஞ்சும் சத்தம் இல்லை, மூடி மேல் தப்பில்லை. மிச்சம் 'ஏசி' கம்பெனி பெட்ரோல் பம்பு. அது இன்ஜினிலேயே பூட்டியிருக்கிறது, அதுவும் சுடுகிறது. டேங்கிலிருந்து உறிஞ்சி இழுக்கிற பம்பு அது. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். பம்பு வெறும் ஆவியை மென்றுகொண்டிருக்கும்.

"டேய், ஈரத்துணி போடுடா. ஏற்காடு ஏறும்போதெல்லாம் சாக்கை நனைச்சுத்தான் போடுவோம்" என்றார் அப்பா. தோளில் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். குடிக்க வைத்திருந்த ஒரு பாட்டில் தண்ணீரையும் அதில் ஊற்றி, பம்பு மேலும் பைப்பு மேலும் சுற்றினேன். ஆவி சுர்ரென்று கிளம்பியது. பத்து நிமிஷம். கம்பியை இழுத்துப் பார்த்தால் பெட்ரோல் பீய்ச்சியது. வண்டி பிடித்துவிட்டது. இரண்டு வருஷம், நாலு பட்டறை, ஒரு துண்டு!

சாயங்காலம் வீட்டில் கார்புரேட்டரைக் கழற்றினேன். அடியில் விரல் கனத்துக்குக் கறுப்பு பேக்லைட் பிளாஸ்டிக் கட்டை ஒன்று இருக்கும். கீழே இருக்கும் சூடு மேலே ஏறாமல் தடுக்கத்தான் அது. அதைக் காணோம்! அந்த இடத்தில் காகித பேக்கிங் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். கிட் மாற்றின எவரோ, உடைந்ததோ தொலைந்ததோ, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிவிட்டார். போதாததற்கு இப்போது வருகிற பெட்ரோல். 2022-ல் 10 சதவீதம் எத்தனால், இப்போது 20. தனியாக 78 டிகிரியில் கொதிக்கிற எத்தனால், பெட்ரோலில் கொஞ்சம் சேர்ந்தால் ஆவி அழுத்தத்தைக் கூட்டிவிடுகிறது. கலவையும் வறண்டுபோகும், அதாவது காற்றுக்குத் தக்க எரிபொருள் போதாது. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற ஜெட்டைத் தானே சரிசெய்துகொள்ள என் கார்புரேட்டருக்குள் கம்ப்யூட்டரா இருக்கிறது?

ராத்திரி மெக்கானிக் திரும்பக் கூப்பிட்டார். "காலைல பத்து மணிக்கு வந்துடுங்க சார்." வர மாட்டேன் என்றேன். மத்தியானம் இரண்டு மணிக்கு வருவேன், முப்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வருவேன், உங்கள் பட்டறை வாசலில் வெயிலில் கால் மணி நேரம் நிறுத்துவேன், அப்புறம் நீங்கள் ஸ்டார்ட் பண்ணுங்கள், நிற்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள் என்றேன். "அந்த நேரத்துல சாப்பாட்டு டைம் சார்" என்கிறார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டியதிலிருந்து முக்கால் மணி நேரம் அப்பாவை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் தவித்தேனே, அதுதான் ஆறவில்லை. வண்டிக்குள் அடுப்பு, வெளியில் தார் கொதிக்கிறது. அவர் முதன்முதலில் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தபோது அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரம் இருந்தது. அகலப்படுத்துகிறோம் என்று எல்லாவற்றையும் வெட்டினார்களே, திரும்ப ஒன்றையாவது நட்டு வளர்த்தார்களா? நடுவில் அரளிச்செடி வைத்திருக்கிறார்கள். அரளிச்செடி நிழலில் யார் உட்காருவது?