காக்காய்க்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம்?

‘காக்காய் வலிப்பு’ என்று சொல்வதை விட்டுவிட்டால் தேவலை. காக்காய் என்ன பாவம் செய்தது? ‘கால் கை வலிப்பு’தான் வாய்க்கு வாய் தேய்ந்து அப்படி ஆனது என்று ஒரு விளக்கம் உண்டு. காரியம் ஆக ஒருவரின் காலையும் கையையும் பிடிப்பது ‘காக்கா பிடிப்பது’ ஆனதும் இதே வழியில்தான் என்பார்கள். எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது.

வலிப்பு என்றதும் நோவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலிக்கிறோம், நாண் வலிக்கிறோம். (குறளில் ‘வலியறிதல்’ அதிகாரத்தைப் பார்த்து வைத்தியக் குறிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே வலி என்றால் பலம்.) நம் வசம் இல்லாமல் சதை இழுத்துக்கொள்வதுதான் வலிப்பு. இசிவு என்பதும் அதுவே. இசித்தல் என்றாலும் இழுத்தல்தான். டாக்டர்கள் சொல்லும் ‘ஸ்பாஸம்’ கிரேக்கத்திலிருந்து வந்தது, அதன் வேரும் இழுப்பதுதான். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிழவிகள் இதையெல்லாம் படிக்காமலேயே “பிள்ளைக்கு வெட்டி வெட்டி இழுக்குது” என்று சரியாகச் சொன்னார்கள். ரண ஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, தனுர்வாதம் என்று இன்னொரு பெயர். தனுசு என்றால் வில். அந்த நோயில் முதுகு பின்பக்கமாக வில் போலவே வளையும்.

குறுவை நடவில் பாருங்கள். வெயிலில் வியர்த்து, சேற்றில் குனிந்தே நின்று, ஒரு அக்காவுக்குக் கெண்டைக்கால் சதை கல்லாகப் பிடித்துக்கொள்ளும். வரப்பில் உட்கார்ந்து, காலை நீட்டி, கால் விரல்களைப் பிடித்து முட்டிப் பக்கமாக மடக்குவார். சதை ஒரு பக்கம் இழுக்க, அவர் எதிர்ப்பக்கம் இழுக்கிறார். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். அப்புறம் ஒரு சொம்பு உப்புப் போட்ட நீராகாரம்.

இதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. மூளையில் மின்னோட்டம் தாறுமாறாகி உடம்பே இழுத்தால் மட்டும் ‘ஃபிட்ஸ்’ என்று குசுகுசுப்பு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் அதையும் மறைப்பார்கள். இந்து திருமணச் சட்டத்திலேயே இது ஒரு தடையாக இருந்தது, 1999-ல்தான் எடுத்தார்கள். சம்பந்தம் பேசுகிறவர்களுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

அப்புறம் அந்தச் சாவிக்கொத்து. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் விழுந்தால் போதும், கையில் இரும்பைத் திணிக்க நாலு பேர் ஓடி வருவார்கள். இழுப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும், பெயர் சாவிக்குப் போய்விடும். இரும்புக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கை காலை அமுக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். 5 நிமிடம் தாண்டியும் நிற்கவில்லையென்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.