சிங்கப்பூர்ப் பீரங்கிகள்: ஒரு திருத்தம்

'பீரங்கிகள் கடலைப் பார்த்தே நின்றன, திருப்ப முடியவில்லை, அதனால்தான் 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது' என்று சொல்வது தவறு. பிரிட்டிஷார் அங்கே நிறுத்தியிருந்த 15 அங்குலப் பீரங்கிகள் மொத்தம் ஐந்து. தீவின் தென்மேற்கில் புவோனா விஸ்டாவிலிருந்த இரண்டை வடக்கே திருப்ப முடியவில்லை என்பது உண்மை. ஆனால் மற்ற மூன்றும் நின்ற 'ஜோகூர் பேட்டரி' என்ற பீரங்கித் தளம், நீரிணைக்கு வடக்கே மலாயாக் கரையிலுள்ள ஜோகூர் பாரு பக்கம் திரும்பிச் சுட்டது. சிக்கல் குண்டில்தான்: இருந்தவை போர்க்கப்பலின் கவசத்தைத் துளைக்கும் வகை. மண்ணில் விழுந்தால் ஆழப் புதைந்த பிறகே வெடிக்கும். பரவி நிற்கும் காலாட்படைக்குப் பெரிய சேதம் வராது. சிதறி வெடிக்கும் குண்டுகள் இவற்றுக்கு இல்லவே இல்லை.

வீழ்ச்சிக்குக் காரணம் தேடினால் பிப்ரவரி 8 இரவைப் பாருங்கள். பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் வடகிழக்கில் தாக்குதலை எதிர்பார்த்தார். ஜப்பானியத் தளபதி யமஷிதாவின் படை இறங்கியதோ வடமேற்கில். அங்கே பிரிட்டிஷ் தரப்பின் ஆஸ்திரேலியப் படை நீண்ட கரையில் மெலிதாகப் பரவி நின்றது. பிறகு நீர்த்தேக்கங்களும் கைமாறின, நகரில் குழாய்கள் உடைந்தன. 15-ஆம் தேதி சரணடைவு.