ஈஸ்ட்ரோஜன் பாதிக் கதைதான்

கர்ப்பப்பை நார்க்கட்டி (ஃபைப்ராய்டு, கர்ப்பப்பைத் தசையில் வளரும் புற்றல்லாத கட்டி) பற்றிய கட்டுரை ஒன்று, அது வளர ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனே காரணம் என்று முடித்துவிட்டது. கட்டியின் செல்களில், புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளைப் பெருக்கி வைப்பதுதான் ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வேலை. அதன்பின் வளர்ச்சியைத் தள்ளுவது பெரும்பாலும் புரொஜெஸ்டிரோன். அதைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் மருந்தைக் கொடுத்தால் கட்டி சுருங்குவது இதனால்தான்.

'ரத்தம் நிறைந்த கட்டி' என்று அந்தக் கட்டுரை சொல்வதும் பொருந்தாது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறி, சுழிசுழியாக, ரப்பர் போல இருக்கும். ரத்தக்குழாய்கள் அடர்ந்திருப்பது அதைச் சுற்றிய பொய்யுறையில் (அழுந்திய திசுவாலான உறை போன்ற அடுக்கில்). கட்டி சுரக்கும் விஇஜிஎஃப் (ரத்தக்குழாய்களை வளரத் தூண்டும் புரதம்) போன்ற வளர்ச்சிக் காரணிகள் பக்கத்துத் திசுக்களையும் தொடும். உட்சுவரை ஒட்டிய சின்னக் கட்டிகூட மாதவிடாயில் கொட்டித் தீர்க்க இதுவும் ஒரு காரணம்.

ஈஸ்ட்ரோஜன் சுரப்பை அடக்கிக் கட்டியைச் சுருக்கும் லியூப்ரோலைடு ஊசி (மாதம் 3.75 மி.கி.) பற்றி ஒன்று: முதல் ஓரிரு வாரம் ஹார்மோன் ஏறும், உதிரப்போக்கு கூடலாம், மருந்து தோற்றதென்று பயந்து நிறுத்த வேண்டாம். மூன்று மாதத்தில் கட்டி நன்றாகச் சுருங்கும், நிறுத்தினால் திரும்ப வளரும். ஆகவே அறுவைக்கு முன் ஹீமோகுளோபினை ஏற்றிக்கொள்ளத்தான் அது தோது. நீண்ட நாள் தொடர்ந்தால் எலும்பு தேயும்.